கண்ணாடித் தொட்டியிற் கலப்பினம்

நம் மதுரை மாநகரில் அழகு மீன் விற்குங் கடைகள் இப்பொழுது பலவாகப் பெருகியிருக்கின்றன. மாலையில் விளக்கேற்றிய பின்னர் அவற்றினுட் புகுவோர், மஞ்சளும் நீலமும் செம்மையுமாய்ப் பொலியும் மீன்கள் கண்ணாடிக்கு அப்பால் உலவுதலைக் கண்டு, சிறிது நேரமேனும் நின்று பாராது செல்லுதல் அரிது. அம்மீன்களுட் பல, சிக்லிட் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தன. பெயர் புதிதெனினும் குடும்பம் நமக்குப் புதிதன்று. வைகையிலும் கண்மாய்களிலும் பிடிபட்டு நம் சந்தைக்கு வரும் ஜிலேபிக் கெண்டையும் ஒரு சிக்லிட்டே. ஆதலின், இதனை வாசிப்போருட் பலர் இக்குடும்பத்து மீனொன்றைத் தொட்டியிற் காணுமுன் குழம்பிற் கண்டிருப்பர்.

தொட்டியின்மேல் ஒட்டிய சீட்டில் ஒரு பெயர் இருக்கிறது. உள்ளே ஒரு மீன் இருக்கிறது. பெயர் குறிக்கும் இனந்தானா உள்ளிருப்பது என்பதே நாம் ஆராயப் புகுவது. கடைக்காரரைக் கேட்டால், “எல்லாம் ஒரிஜினல்தான், தம்பி” என்பர். அவர் பொய்யுரைக்கின்றார் என்பது நம் கருத்தன்று. சென்னைக் கொளத்தூர் போன்ற இடங்களிலுள்ள பண்ணைகளிற் பிறந்து, மொத்த வியாபாரிகள் இருவர் மூவர் கைமாறி வந்த மீனுக்கு, பெயரும் அவ்வாறே கைமாறி வந்திருக்கிறது. அதன் தாய் யாது, தந்தை யாது என அவரை வினவினால் அவர் எங்ஙனம் அறிவார்?

மேற்செல்லுமுன் ஒன்று கூறவேண்டும். ‘தூயது’, ‘கலந்தது’ என்னுஞ் சொற்கள் நம் நாட்டிற் சாதிச் செருக்கோடு சேர்ந்து கெட்டுப்போனவை. இக்கட்டுரையில் அவை உயர்வையும் குறியா, இழிவையும் குறியா. வெவ்வேறு இனமாகிய இரண்டு மீன்கள் கூடிப் பிறந்ததைக் கலப்பினம் என்கிறோம், அவ்வளவே. மானிடர் அனைவரும் ஓரினமாகலின் அவர்க்குள் இப்பொருளிற் கலப்பென்பதே இல்லை. வேதத்தைக் கொண்டு நோக்கினும் விலங்கியலைக் கொண்டு நோக்கினும் இம்முடிபே பெறப்படும்.

இனி, பிற மீன்களினும் சிக்லிட் மீன்கள் இவ்வளவு எளிதிற் கலத்தற்குக் காரணம் யாதெனப் பார்ப்போம். நம் கடைகளில் ‘ஆப்பிரிக்கன்’ என்று விற்கப்படுவனவற்றின் முன்னோர் பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்தவர். முற்காலத்தில் நியாசா எனப்பட்ட இவ்வேரியை மிஷனரியும் பயணியுமாகிய டேவிட் லிவிங்ஸ்டன் 1859 ஆம் ஆண்டு சென்று கண்டார். வேறெங்கும் இல்லாத சிக்லிட் இனங்கள் பல நூறு இவ்வேரி ஒன்றனுள்ளேயே வாழ்கின்றன. அவை ஒன்றினின்று ஒன்று பிரிந்தது, உயிர்களின் நெடிய வரலாற்றில் நேற்று நிகழ்ந்தது போன்ற அண்மைக் காலத்திலாம். ஆகையால் அவற்றின் உடல்களுக்கிடையே கருவுறுதலைத் தடுக்கும் மதில் இன்னும் எழும்பவில்லை. குதிரையும் கழுதையும் கூடிப் பிறந்த கோவேறு கழுதை மலடாகும். மலாவி மீன்கள் இரண்டு கூடிப் பிறந்த கலப்போ, பெரும்பாலும் குஞ்சு பொரித்துத் தன் வழியை வளர்க்கும்.

அங்ஙனமாயின் ஏரியில் அவை ஏன் கலந்து ஒன்றாகிவிடவில்லை? பெண்மீன் தன் துணையை நிறங்கண்டு தெரிந்தெடுக்கின்றது, அத்தெரிவே வேலி. இதற்கு நல்ல சான்று, அதே கண்டத்து விக்டோரியா ஏரியிற் கிடைத்தது. ஓலே சீஹவுசன் என்னும் அறிஞரும் அவர்தம் கூட்டாளிகளும் 1997 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியில், நீர் தெளிந்த இடங்களில் நெருங்கிய உறவுடைய இனங்கள் தத்தம் நிறத்தோடு தனித்து நிற்பதையும், கழிவு சேர்ந்து நீர் கலங்கிய இடங்களில் நிறங்கள் மங்கி இனங்கள் ஒன்றோடொன்று மயங்குவதையும் காட்டினர். தொட்டியிலும் அதனைச் சோதித்தனர். வெண்ணிற விளக்கின்கீழ்ச் செம்மீனின் பெண் செந்நிற ஆணையும், நீலமீனின் பெண் நீலநிற ஆணையும் நாடின. ஒரே நிற ஒளியைப் பாய்ச்சிச் செம்மையும் நீலமும் வேறுபடாதவாறு செய்தபொழுது அந்நாட்டம் அற்றுப்போயிற்று. ஒரு விளக்கை மாற்றியதனால் ஓர் இனத்தின் வேலி விழுந்தது என்பது வியக்கத்தக்கதன்றோ!

பண்ணையில் வேலி விழுவதற்கு விளக்கையும் மாற்ற வேண்டுவதில்லை. சிமெண்டுத் தொட்டியொன்றில் நான்கைந்து இனங்களை ஒருங்கே விடுகின்றனர். முட்டையிடும் பருவத்தில் ஒரு பெண்ணுக்குத் தன்னினத்து ஆண் கிட்டாமற்போனால், கிட்டிய ஆணோடு அது கூடும். இம்மீன்களின் தாய் கருவுற்ற முட்டைகளை ஏறக்குறைய மூன்று வாரம் தன் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும் இயல்பினது. வாய் பருத்த தாயைப் பிடித்துக் குஞ்சுகளை எடுப்பவர் தாயைக் காண்பரேயன்றித் தந்தையைக் காணார். தாயின் பெயரே குஞ்சுகளுக்கும் இடப்படும். கலப்புப் பிறப்பது பெரும்பாலும் இங்கேதான். வஞ்சனையால் அன்று, கவனமின்மையால்.

அடையாளங்களைக் கூறுமுன், கலப்பல்லாத சிலவற்றை விலக்கிக்கொள்ளுதல் நலம். உடல் முழுதும் வெளுத்துக் கண் சிவந்த மீனும், துடுப்பு நீண்டு முந்தானைபோல் தொங்கும் மீனும் கண்டவுடன் கலப்பென்று துணிதல் கூடாது. ஓரினத்துள்ளேயே தோன்றிய வேறுபாட்டைத் தெரிந்தெடுத்துப் பல தலைமுறை வளர்த்த வகைகளும் உண்டு. ஏஞ்சல் மீனிற் பளிங்குபோற் புள்ளி படர்ந்தனவும் கரியனவும் இத்தகையன. அவை ஆற்றில் இல்லாத உருவமேனும் அவ்வினமே. இவையன்றிச் சாயமேற்றிய மீன்களும் உள. ஆண்மைச் சுரப்புநீரைத் தீனியிற் கலந்து கொடுத்து, நிறங்கொள்ளும் பருவம் எய்தாத குஞ்சையும், நிறமே கொள்ளாத பெண்ணையும் ஒளிரச் செய்வோரும் உளர். அத்தீனியை நிறுத்திய சில மாதங்களில் அந்நிறம் மறையும். விரற்கடை நீளமுள்ள மலாவிக் குஞ்சுகள் ஒரு தொட்டி முழுதும் முதிர்ந்த ஆணின் நிறத்தோடு மின்னுமாயின், அங்கே ஐயுறவேண்டுவது கலப்பை அன்று, தீனியையே.

நம் கடைகளில் மிகுதியாகக் காணப்படும் மஞ்சள் மீன் ஒன்றனை எடுத்துக்கொண்டு விரிவாக நோக்குவோம். ‘எல்லோ லேப்’ என்று கடைக்காரர் வழங்கும் இதன் நூற்பெயர் லாபிடோக்ரோமிஸ் செருலியஸ். 1956 ஆம் ஆண்டில் இதற்குப் பெயரிட்டவர் ஜெஃப்ரி பிரையர். செருலியஸ் என்பது இலத்தீன் மொழியில் நீலம் எனப் பொருள்படும்; பெயர் நீலம், மீன் மஞ்சள்! ஏரியின் வெவ்வேறு கரைகளில் இவ்வினம் வெவ்வேறு நிறத்தோடு வாழ்கின்றது. வியாபாரத்திற் பரவியது மஞ்சள் நிறத்ததாகலின் இம்முரண் நேர்ந்தது. இத்தூய மஞ்சள் மீனின் முதுகுத் துடுப்பிற் கரிய பட்டையொன்று முன்னின்று பின்வரை அறாது ஓடும். முகம் சற்றுக் கூர்ந்து நீண்டிருக்கும். பாறை இடுக்குகளிற் சிறு பூச்சிகளைப் பொறுக்கித் தின்னும் வாய்க்கு அவ்வடிவே தக்கது. மஞ்சள் எலுமிச்சம்பழத்தின் மஞ்சளேயன்றி மாம்பழத்தின் செம்மஞ்சள் அன்று.

இதனோடு மிகுதியாகக் கலந்துவிடுவது ‘ரெட் ஸீப்ரா’ எனப்படும் செந்நிற மீன். அது பாறைமேற் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்பது. அதற்கேற்ப நெற்றி செங்குத்தாய் இறங்கும், வாய் அகன்று தடித்திருக்கும். இரண்டும் கூடிப் பிறந்தது மஞ்சளாகவே இருக்கும். சீட்டிலும் ‘எல்லோ லேப்’ என்றே எழுதப்பட்டிருக்கும். ஆனால் மஞ்சளிற் செம்மை ஏறியிருக்கும், முதுகுத் துடுப்பின் கரும்பட்டை நடுவில் அறுபட்டோ, புகைபோல் மங்கியோ, அறவே இல்லாமலோ இருக்கும், முகம் மழுங்கியிருக்கும், அச்சமுறும்பொழுது உடலிற் செங்குத்தான வரிகள் தோன்றி மறையும். இவற்றுள் ஒன்றைமட்டுங் கண்டு தீர்ப்புக் கூறுதல் தகாது. தூய மீனும் நோயுற்றாலும் நடுங்கினாலும் நிறம் மங்கும். முதிர்ந்த ஆணின் முகத்திற் கருமை படிதலும் உண்டு. நிறத்தைவிட வடிவத்தையும், வடிவத்தைவிடக் கூட்டத்தையும் நம்புதல் நன்று.

கூட்டத்தை நம்புதல் என்றதனை விளக்குவோம். தூய தாய் தந்தையர்க்குப் பிறந்த உடன்பிறப்புகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். இரண்டு இனம் கூடிய முதல் தலைமுறையும் ஒருவாறு ஒத்தே இருக்கும். இரண்டிற்கும் இடைப்பட்ட வடிவம் அவற்றிற்கு வாய்த்திருக்கும். அக்கலப்புக் குஞ்சுகள் வளர்ந்து தமக்குள் கூடும்பொழுதோ, பாட்டன் பாட்டியரின் குணங்கள் பிரிந்து பலவாறு சேர்ந்து வெளிப்படும். மெண்டல் என்னுந் துறவி பட்டாணிச் செடிகளை வளர்த்துக் கண்டு 1866 இல் வெளியிட்ட உண்மை இதுவே. ஆகவே ஒரே ஈற்றுக் குஞ்சுகள் இருபது உள்ள தொட்டியில், ஒன்று எலுமிச்சை நிறமாயும் ஒன்று செம்மஞ்சளாயும் ஒன்று வரியுடையதாயும் ஒன்று கூர்முகத்ததாயும் ஒன்று மழுங்கியதாயும் இருக்குமாயின், தனித்தனி மீனை உற்றுநோக்கும் உழைப்பு நமக்கு வேண்டுவதில்லை. கடைக்காரர் வலையில் அள்ளி நெகிழிப் பையில் இடுமுன் தொட்டி முழுவதையும் ஒரு நாழிகை நோக்குவோர் இதனைத் தாமே காண்பர்.

மயில் சிக்லிட் எனப்படும் ஔலோனோகாரா வகையிற் செய்தி இன்னும் கடினமானது. ஆண்கள் நீலமும் பொன்னுமாய் விளங்கப் பெண்களெல்லாம் சாம்பல் பூத்த பழுப்பு நிறத்தவை. ஓரினத்துப் பெண்ணை வேறினத்துப் பெண்ணினின்று பிரித்தறிதல் கைதேர்ந்தவர்க்கும் இயலாததாகும். செம்மஞ்சட் புள்ளி சிதறிய மயில் மீனைப் புதுமையென்று விற்கின்றனர்; ஏரியிலுள்ள மயில் மீன்களுள் அத்தகைய புள்ளியுடையது இல்லை. அப்புள்ளி பாறைவாழ் இனங்களுக்குரியது. கலப்பினால் வந்தேறியது என்பர். ‘கலப்பு ஆப்பிரிக்கன்’ எனச் சீட்டெழுதிய தொட்டியோ நேர்மையுடைய தொட்டி. அதிற் பெயரை நாடுவோர் தம்மையே நொந்துகொள்ளவேண்டும்.

பிளவர்ஹார்னைப் பற்றிப் பலர் வினவுகின்றனர். அதிற் புதிரில்லை. 1990களில் மலேசிய நாட்டில், மத்திய அமெரிக்க சிக்லிட்டுகள் பலவற்றைக் கலந்து மனிதரே ஆக்கியது அது. சல்லிக்கட்டுக் காளையின் திமில்போல் நெற்றி புடைத்திருத்தலால், வீட்டில் வைத்தாற் செல்வம் பெருகுமென்று சீனர் நம்பினர். அந்நம்பிக்கை விலையோடு சேர்ந்து மதுரைக்கும் வந்துவிட்டது. செல்வம் பெருகுவது யாருக்கென்று நாம் சொல்லவேண்டுவதில்லை. தைவானில் ஆக்கப்பட்ட ‘பேரட்’ மீனும் அவ்வாறே கலப்பு; அதன் வாய் முற்றும் மூடுவதில்லை, ஆண்கள் பெரும்பாலும் மலடு. இவற்றைத் தூயவை என்று ஒருவரும் விற்பதில்லையாதலின் ஏமாற்றமும் இல்லை. ஏமாற்றம் நேர்வது, திமில் எழாது கழிக்கப்பட்ட பிளவர்ஹார்ன் குஞ்சுகள், அவற்றின் மூதாதையரான காட்டினத்தின் பெயரோடு விற்கப்படும்பொழுதே.

இத்துணையும் கூறியது கலப்பைக் கண்டறியும் வழி. தூயதைக் கண்டறியும் வழி யாது? கண்ணைக் கொண்டு அது கூடாது என்பதே நாம் சொல்ல விரும்பும் தலையாய செய்தி. பிழையான அடையாளம் இருப்பின் கலப்பெனத் துணியலாம். பிழையான அடையாளம் இல்லாமையால் தூயதெனத் துணிதல் இயலாது. ஒருமுறை கலந்த வழியினை மீண்டும் மீண்டும் தூய இனத்தோடு கூட்டினால், மூன்று நான்கு தலைமுறையில் வெளித்தோற்றம் முற்றும் தூய இனத்தைப்போலாகும். உள்ளே அயற்பங்கு சிறிது ஒளிந்துகிடந்து, பின்னொரு நாள் ஒரு குஞ்சில் தலைகாட்டும்.

தமிழ் பயில்வோர்க்கு இது புதிய இடர்ப்பாடன்று. ஏட்டிலுள்ள ஒரு செய்யுள், யாப்பும் பொருளும் பொருந்தி நிற்பதனாலேயே ஆசிரியன் வாய்மொழியென்று ஆகிவிடாது. தேர்ந்த கையினன் செருகியதும் பொருந்தியே நிற்கும். அதனாலன்றோ உ. வே. சாமிநாதையர் 1887 இல் சீவகசிந்தாமணியை வெளியிடுமுன் ஊரூராய் ஏடு தேடி ஒப்புநோக்கினார்! ஏடு எவரிடமிருந்து எவர் கைக்கு வந்தது என்னும் வரலாறு, ஏட்டின் அழகைவிட உறுதியான சான்று. மீனுக்கும் அவ்வாறே. தாய் தந்தையர் எங்குப் பிடிக்கப்பட்டவர், எத்தனை தலைமுறை தொட்டியிற் கழிந்தன, அத்தொட்டியில் வேறினம் உடனிருந்ததா என்னும் கேள்விகளுக்கு விடை சொல்லவல்ல வளர்ப்பாளரிடம் வாங்குவதே தூயதை வாங்கும் வழி. அதனாலேயே தேர்ந்த வளர்ப்போர் மீனின் பெயரோடு, அது பிடிபட்ட கரையின் பெயரையும் விடாது எழுதிவைப்பர். ஊர்ப்பெயர் இழந்த மீன், தலைப்பேடு இழந்த சுவடிக்கு ஒப்பாகும்.

அழகுக்காக வைக்கும் மீன் தூயதாயினென்ன, கலந்ததாயினென்ன என்று வினவுவார்க்கும் விடை உண்டு. விக்டோரியா ஏரியில் 1950களில் விடப்பட்ட நைல் பெர்ச் என்னும் பெருமீன், 1980களிற் பெருகி அவ்வேரிச் சிக்லிட்டுகளைத் தின்று தீர்த்தது. இருநூறளவு இனங்கள் மறைந்திருக்கலாமென அறிஞர் கணிக்கின்றனர். அவற்றுட் சில இன்று உலகில் எஞ்சியிருப்பது கண்ணாடித் தொட்டிகளில்தான். அத்தொட்டியிற் கலப்பு நேருமாயின், ஏரியில் இறந்த இனம் தொட்டியிலும் இறந்ததாகும்.

தொட்டிக்கு வெளியே நேர்ந்த கலப்போ நம் ஊர்க்கதையோடு தொடர்புடையது. ஜிலேபிக் கெண்டை என்று நாம் உண்ணும் மொசாம்பிக் திலாப்பியா, 1952 ஆம் ஆண்டில் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. அது கட்டின்றிப் பெருகிப் பிற மீன்களை நெருக்குதல் கண்டு, 1959 இல் இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு அதனை மேலும் பரப்புதலைத் தடுத்தது. அதற்குள் அது கண்மாய்தோறும் குடியேறிவிட்டது. பின்னர் நைல் திலாப்பியாவும் வந்தது. இரண்டும் எளிதிற் கலக்கும். சந்தையிற் கூடையை நோக்குவோர், வாலிற் செங்குத்துக் கோடுகள் வரிசையாயிருப்பின் அது நைல் இனத்தின் அடையாளமென்றும், வாலிற் கோடின்றி, முதிர்ந்த ஆண் உடல் கறுத்துத் தொண்டை வெளுத்திருப்பின் அது மொசாம்பிக் இனத்தின் அடையாளமென்றும், கோடுகள் உடைந்து சிதறியிருப்பின் இரண்டன் கலப்பாகலாமென்றும் கொள்க. நம் நாட்டில் வேண்டாத விருந்தாய்ப் பெருகிய அம்மொசாம்பிக் மீன், தன் தாயகமாகிய தென்கிழக்கு ஆப்பிரிக்க ஆறுகளில் இப்பொழுது அழிவுக்கு உள்ளாகத்தக்க இனமென்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. காரணம் வலையன்று, வறட்சியன்று. அங்கு விடப்பட்ட நைல் திலாப்பியாவோடு கலந்து தன் உருவை இழந்துவருவதே தலையாய காரணம். ஒரு மீன் ஒருவராலும் கொல்லப்படாமலே இல்லாமற் போகக்கூடும்.

இது கருதியே, தொட்டிக்கு அடங்காது வளர்ந்த மீனைக் கொல்ல மனமின்றி வண்டியூர்க் கண்மாயிலோ மாடக்குளத்திலோ விட நினைப்போரை நாம் தடுக்கவேண்டியிருக்கிறது. அவர் நெஞ்சத்து இரக்கம் மெய்யே. ஆயினும் அக்கண்மாயில் அயிரையும் குரவையும் கெளுத்தியும் உள. பசித்த பிளவர்ஹார்னுக்கு அயிரை ஒரு வாய்க்குக் காணாது. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்தலும், இடமுள்ள நண்பர்க்கு அளித்தலும் எளியவை. மதுரை ஆழ்குழாய்க் கிணறுகளின் உப்புநீர் நம் தாகத்திற்கு உதவாதெனினும், கடின நீரில் வாழும் மலாவி மீன்களுக்கு மிக ஒத்துக்கொள்ளும். ஆதலின் ஏற்பவர் கிடைப்பதும் அரிதன்று.

சிக்லிட்டே வேண்டுவோர்க்கு நம் நாட்டினதே ஒன்று உண்டு. ‘ஆரஞ்சுக் குரோமைடு’ என்று கடைகளில் வழங்கும் அச்சிறு மீன், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையில் வாழ்வது. அதனை 1795 இல் நூலில் ஏற்றியவர் பெர்லின் நகரத்து மருத்துவர் புளோக். நம் கரை மீன்களை அவருக்கு அனுப்பியோருள் ஒருவர் தரங்கம்பாடி மிஷனரியாகிய கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் ஐயர். அவர் பெயரைப் புளோக் கடல்மீன் வகையொன்றற்கு ஜானியஸ் என இட்டு நிலைநிறுத்தினார். குரோமைடின் இயல்பான உருவம் இளமஞ்சள் உடலும், விலாவில் ஒரு கரும்புள்ளியும், வரிசை வரிசையான செம்புள்ளிகளும் உடையது. முழுதும் பொன்னிறமாய்ப் புள்ளி மங்கியதும் கடைகளிற் கிடைக்கின்றது. அதனைக் கண்டு கலப்போவென ஐயுறுதல் வேண்டா; தெரிந்தெடுத்து வளர்த்த வகையே அது.